பார்க் இடத்தைக் கேட்க சொந்த வீடு இருக்க வேண்டுமா?

வாசகர் கடிதம்:

"சென்னை மாநகராட்சியோடு 2011-இல் சேர்க்கப்பட்ட பகுதி ஒன்றில் 7 வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். எங்கள் லேஅவுட்டில் பூங்காவுக்கென்று விட்ட இடம் ஒன்று உண்டு. சுமார் 5 கிரவுண்டு இருக்கும். இத்தனை நாளும் முள்புதரும் கட்டட இடிபாடுமாகக் கிடந்தது. போன வருடம் அதன் ஒரு மூலையில் தகரக் கொட்டகை போட்டு லாரிகளை நிறுத்த ஆரம்பித்துவிட்டார்கள். கேட்டால் 'வாங்கின இடம்' என்கிறார்கள். கவுன்சிலரைப் பார்த்தோம். 'பார்க்கையெல்லாம் யார் பராமரிக்கிறது, சமுதாயக் கூடம் கட்டச் சொல்றேன்' என்றார். நலச்சங்கத்தில் சிலர், கொட்டகையை எடுக்கவைத்து, சுற்றுச்சுவர் எழுப்பி, 'நகர்வாசிகளுக்கு மட்டும்' என்று போர்டு வைக்க வேண்டும் என்கிறார்கள். பின்தெருப் பிள்ளைகள் அங்கே வந்து விளையாடுவது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. நான் கூட்டத்தில் பேச எழுந்தால், 'குடக்கூலிக்கு இருக்கிறவங்களுக்கு இதில் என்ன வந்தது' என்று உட்காரவைத்துவிட்டார்கள். எனக்கு உரிமை உண்டா? எங்கிருந்து ஆரம்பிப்பது?"

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உரிமை உண்டு. சங்கத்தில் உங்களை உட்காரவைக்கலாம், ஊரில் உட்காரவைக்க முடியாது. நலச்சங்கம் என்பது தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் குறைந்தது 7 பேர் சேர்ந்து பதிவு செய்துகொள்ளும் அமைப்பு. யார் உறுப்பினர் என்பதை அதன் துணைவிதிகள் தீர்மானிக்கும். மனை வைத்திருப்பவர்கள் மட்டும்தான் என்று உங்கள் சங்கத்தின் விதியில் எழுதியிருந்தால், ஓட்டுப்போடும் உரிமை அங்கே உங்களுக்கு இல்லாமல் போகலாம். முதலில் அந்தத் துணைவிதியின் நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். 'குடியிருப்போர்' என்று பொதுவாக எழுதிவிட்டு, வழக்கத்தில் வீட்டுக்காரர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளும் சங்கங்கள் நிறைய உண்டு.

ஆனால் பூங்கா இடம் சங்கத்தின் சொத்து இல்லை. அதைப் பற்றிக் கேட்கும் உரிமை சங்கத்திடமிருந்து வருவதும் இல்லை. நீங்கள் இந்த நகரத்தில் வாழ்கிறீர்கள், இங்கே ஓட்டுப் போடுகிறீர்கள், அதிலிருந்து வருவது அது. உங்கள் பெயர் இந்த வார்டின் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா? வீடு மாறும்போது பலர் பழைய முகவரியிலேயே விட்டுவிடுகிறார்கள். அப்படி இருந்தால் இன்றைக்கே படிவம் 8 கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். இதில் இருக்கும் வேலைகளிலேயே சுலபமானது இது. ஆனால் கவுன்சிலர் முன்னால் உட்காரும்போது இதற்கு இருக்கும் எடை வேறு.

பட்டியலில் பெயர் இருப்பவருக்கு இன்னொரு கதவும் திறக்கிறது. கிராம சபை போல நகரத்தில் ஒன்று கிடையாது என்றுதான் ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தோம். 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஜூன் 1 முதலே நடைமுறையில் இருக்கிறது. 3 லட்சம் மக்கள்தொகைக்கு மேற்பட்ட நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்று அது சொன்னது. தமிழ்நாட்டில் வார்டு குழு, பகுதி சபா (வார்டுக்குள் ஒரு பகுதியின் வாக்காளர்கள் கூடும் சபை) இரண்டுக்கும் விதிகள் வந்தது 2022-இல்தான். அந்த வருடம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று பகுதி சபாக் கூட்டங்கள் நடந்தன. வார்டு குழுவுக்கு உங்கள் கவுன்சிலர்தான் தலைவர். பகுதி சபாவின் பிரதிநிதிகள் நியமனம் செய்யப்படுகிறார்கள், தேர்தல் இல்லை. இது எனக்கு ஒப்புதல் இல்லாத ஏற்பாடு, ஏனென்றால் கவுன்சிலருக்கு வேண்டியவர்களே அங்கே உட்கார்ந்துவிட வழி இருக்கிறது. இருந்தாலும் கூட்டம் பொதுக்கூட்டம். அந்தப் பகுதி வாக்காளர் போய்ப் பேசலாம். சொந்த வீடா வாடகை வீடா என்று அங்கே கேட்க மாட்டார்கள். அடுத்த கூட்டம் எப்போது, எங்கே என்று வார்டு அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். 'கூட்டமே நடக்கலீங்க' என்று பதில் வந்தால் அதையும் எழுத்தில் வாங்குங்கள். பின்னால் அதுவே ஒரு ஆவணம்.

சரி, கூட்டத்துக்குப் போவதற்கு முன்னால் செய்ய வேண்டியது காகித வேலை. 'வாங்கின இடம்' என்று அவர்கள் சொல்வது வெறும் வாய்ப்பேச்சாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். உண்மையிலேயே ஒரு கிரயப் பத்திரம் அவர்கள் கையில் இருக்கலாம். எப்படி என்று சொல்கிறேன்.

லேஅவுட் போடும்போது சாலைகளுக்கான இடம் போக மிச்சத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட வேண்டும் என்பது விதி. ஓ.எஸ்.ஆர். நிலம் என்று அலுவலகங்களில் சொல்வது இதைத்தான். இப்போதைய 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 3,000 சதுர மீட்டர் வரை இது தேவையில்லை. 3,000-இலிருந்து 10,000 வரை நிலமாகவோ அதற்குரிய வழிகாட்டி மதிப்பைப் பணமாகவோ கொடுக்கலாம். 10,000-ஐத் தாண்டினால் நிலமாகத்தான் கொடுக்க வேண்டும். இடத்தை உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுப்பார்கள். அதோடு மனை போட்டவர் கிளம்பிவிடுவார். உள்ளாட்சி அமைப்பு பத்திரத்தை வாங்கி ஃபைலில் வைத்துக்கொள்ளும். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. பத்திரம் வாங்கியவர்கள் பட்டாவைத் தங்கள் பெயருக்கு மாற்றுவதில்லை. வருவாய்த் துறைக் கணக்கில் பழைய நிலச் சொந்தக்காரர் பெயரே தொடர்கிறது. இருபது முப்பது வருடம் கழித்து அவருடைய வாரிசுகள் பட்டாவைப் பார்க்கிறார்கள், 'நம்ம பேர்ல இருக்கே' என்று விற்கிறார்கள். வாங்குகிறவர் சிலசமயம் தெரிந்தே வாங்குகிறார், சிலசமயம் தெரியாமலும் வாங்குகிறார்.

உங்கள் பகுதிக்கு இதோடு இன்னொரு தொல்லையும் சேரும். 2011-க்கு முன் அங்கே வேறொரு உள்ளாட்சி அமைப்பு இருந்தது. தானப் பத்திரம் அதன் பெயருக்குத்தான் எழுதப்பட்டிருக்கும். மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது, பழைய அலுவலகங்களின் பதிவேடுகள் மண்டல அலுவலகங்களுக்கு வந்து சேர்ந்தன. எது எந்த அலமாரியில் இருக்கிறது என்று அங்கே வேலை செய்கிறவர்களுக்கே தெரியாத நிலை பல இடங்களில் உண்டு. அதனால் மண்டல அலுவலகத்தில் 'எங்ககிட்ட அப்படி எந்த ரெக்கார்டும் இல்ல' என்று சொன்னால், பத்திரமே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

தேட வேண்டிய வரிசை இது. முதலில் உங்கள் வீட்டுக்காரரிடம் அவருடைய கிரயப் பத்திரத்தைப் பார்க்கக் கேளுங்கள். சொத்து விவரத்தில் லேஅவுட்டின் அனுமதி எண் இருக்கும், சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) அனுமதி என்றால் 'பி.பி.டி./எல்.ஓ.' என்று தொடங்கி வருடத்தோடு முடியும். சர்வே எண்ணும் அதிலேயே கிடைக்கும். அந்தச் சர்வே எண்ணை வைத்துப் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் (அந்தச் சொத்தின் மேல் நடந்த பதிவுகளின் பட்டியல்) போட்டுப் பாருங்கள், பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. தானப் பத்திரம் பதிவாகியிருந்தால் அதன் எண்ணும் தேதியும் அங்கே வரும். சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கிக்கொள்ளலாம். யார் யாருக்கு விற்றிருக்கிறார்கள் என்பதும் அதே வில்லங்கத்தில் தெரிந்துவிடும். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதை வருவாய்த் துறையின் இணையச் சேவையில் பாருங்கள்.

கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் இரண்டு மனு போடுங்கள். ஒன்று சி.எம்.டி.ஏ.வுக்கு, அனுமதிக்கப்பட்ட லேஅவுட் வரைபடத்தின் சான்றிட்ட நகல் கேட்டு. இன்னொன்று மாநகராட்சிக்கு, அந்த லேஅவுட்டில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தின் தானப் பத்திர நகல், பூங்காக்கள், திறந்தவெளிகள் பற்றிய பதிவேட்டில் அது இருக்கும் பக்கத்தின் நகல், அந்த இடத்தில் கட்டுமானத்துக்கு அனுமதி ஏதும் கொடுத்திருந்தால் அதன் நகல் ஆகியவற்றைக் கேட்டு. கட்டணம் 10 ரூபாய், கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் கேட்கவும் கூடாது.

இங்கே பலரும் சறுக்கும் ஒரு இடம் உண்டு. கோபத்தில் உட்கார்ந்து, 'ஏன் இத்தனை வருடமாக நடவடிக்கை எடுக்கவில்லை?', 'இது நியாயமா?' என்று மனுவில் எழுதுகிறார்கள். அந்தச் சட்டத்தில் கிடைப்பது அலுவலகத்தில் பதிவாக இருக்கும் தகவல்தான். 'ஏன்' என்ற கேள்விக்கு, 'விளக்கம் அளிக்க இயலாது' என்று ஒற்றை வரியில் பதில் போட்டு முடித்துவிடுவார்கள். நகல் கேளுங்கள். பதிவேடு கேளுங்கள். 'இன்ன தேதியில் கொடுத்த மனுவின் மேல் எடுத்த நடவடிக்கை பற்றிய கோப்புக் குறிப்புகளின் நகல்' என்று கேளுங்கள். ஏன் எடுக்கவில்லை என்பது அந்தக் குறிப்பைப் படித்தாலே புரிந்துவிடும்.

30 நாளில் பதில் வர வேண்டும். வேறு அலுவலகத்துக்கு உரியது என்றால் 5 நாளுக்குள் அங்கே மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு, உங்களை அலைக்கழிக்கக் கூடாது. பதில் வராவிட்டால், அல்லது அரைகுறையாக வந்தால், அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ஆணையம் வரை போனால் காலம் இழுக்கும், அதை ஒளிக்க விரும்பவில்லை. அதனால் ஆவணத்தை நேரில் பார்வையிடவும் அனுமதி கேட்டு மனுவிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். சட்டத்தின் 2(j) பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. நகல் கேட்டால் அவர்கள் தேடிக் கொடுப்பதுதான் கிடைக்கும். நேரில் போனால் முழு ஃபைலும் உங்கள் முன்னால் வரும்.

அப்படி ஒரு பார்வையிடலுக்கு, புறநகர் ஒன்றைச் சேர்ந்தவர்களோடு நானும் போயிருந்தேன். நகல் கேட்டபோது வரைபடத்தை மட்டும் கொடுத்திருந்தார்கள். ஃபைலைப் பிரித்தபோது நடுவே பழுப்பேறிய ஒரு கடிதம். மனை போட்டவர் அந்நாள் உள்ளாட்சித் தலைவருக்கு எழுதியது. பூங்கா இடத்தையும் சாலைகளையும் ஒப்படைத்துவிட்டதாகவும், நான்கு மூலையிலும் கல் நட்டிருப்பதாகவும் அதில் இருந்தது. கீழே, 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்தும் முத்திரையும். எங்களோடு வந்திருந்த பெரியவர் ஒருவர், 'அந்தக் கல்லை நான் பாத்திருக்கேன், வடகிழக்கு மூலையில இன்னும் கெடக்கு' என்றார். அடுத்த நாள் போய்ப் புதரை வெட்டிப் பார்த்தார்கள். கல் இருந்தது. சர்வேயர் அளக்க வந்தபோது அந்தக் கல்லிலிருந்துதான் சங்கிலி பிடித்தார். உங்கள் லேஅவுட்டிலும் ஆரம்பத்திலேயே வீடு கட்டிய பெரியவர்கள் யாராவது இருப்பார்கள். அவர்களைத் தேடிப் போய்ப் பேசுங்கள். அவர்களிடம் பழைய போட்டோ, மனை விற்பனை நோட்டீஸ், வரைபடத்தின் ப்ளூ பிரிண்ட் ஏதாவது இருக்கும்.

தானப் பத்திரமே எழுதப்படவில்லை என்று தெரிந்தால் என்ன செய்வது? பழைய லேஅவுட்களில் இது சகஜம். மனம் தளர வேண்டாம். பண்டிட் சேத் ராம் வசிஷ்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பேசியிருக்கிறது. லேஅவுட்டில் பூங்காவுக்கென்று காட்டிவிட்டால் மட்டுமே நிலம் மாநகராட்சிக்குச் சொந்தமாகிவிடாது, அதற்கு முறையான மாற்றம் வேண்டும் என்றது நீதிமன்றம். அதே நேரத்தில், அப்படிக் காட்டிய சொந்தக்காரர் அந்த இடத்தை வேறு எதற்கும் பயன்படுத்தவோ விற்கவோ முடியாது, அது ஒரு பொறுப்பாக அவர் கையில் இருக்கிறது என்றும் சொன்னது. ஆக, அவர்களிடம் பட்டாவும் கிரயப் பத்திரமும் இருந்தாலும்கூட லாரி ஷெட் போடும் உரிமை வந்துவிடாது. பட்டா தவறான பெயரில் இருந்தால், அதைத் திருத்தக் கோரி மாநகராட்சிதான் வட்டாட்சியருக்கு எழுத வேண்டும். மாநகராட்சி எழுதாவிட்டால் நீங்கள் எழுதலாம், திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடமும் கொடுக்கலாம்.

இனி, கவுன்சிலர் சொன்ன சமுதாயக் கூடம். இது கொட்டகையைவிடக் கவனமாகக் கையாள வேண்டிய விஷயம், ஏனென்றால் கேட்க நன்றாக இருக்கிறது. கல்யாணம் காதுகுத்துக்கு இடம் கிடைக்குமே என்று உங்கள் தெருவிலேயே பாதிப் பேர் சாய்ந்துவிடுவார்கள். பெங்களூரில் இப்படித்தான் ஒன்று நடந்தது. ராஜமகால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் பொதுப் பூங்காவுக்கு ஒதுக்கிய திறந்தவெளியை, மருத்துவமனை கட்ட ஒரு தனியார் அறக்கட்டளைக்குக் கொடுத்தார்கள். மருத்துவமனை நல்லதுதானே என்று தோன்றும். அந்தப் பகுதிவாசிகள் வழக்குப் போட்டார்கள். பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் எதிர் முத்தப்பா என்ற அந்த வழக்கில், ஒதுக்கீட்டை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது செல்லும் என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பூங்காவும் மருத்துவமனையும் ஒன்றுக்கு ஒன்று ஈடாகாது, திட்டத்தில் பொது மக்களுக்கென்று விட்ட திறந்தவெளியை முதலமைச்சரே சொன்னாலும் நினைத்தபடி மாற்றிக் கொடுக்க முடியாது என்பது அதன் சாரம். உங்களுக்கு முக்கியமான இன்னொன்றும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. 'இவர்களுக்கு இதில் என்ன பாதிப்பு, ஏன் வழக்குப் போடுகிறார்கள்' என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. பூங்கா இல்லாமல் போவதால் பாதிக்கப்படுவது அங்கே வசிக்கும் மக்கள், அதனால் அவர்கள் கேட்கலாம் என்றது. வசிப்பதுதான் அங்கே அளவுகோலாக இருந்தது. உங்கள் சங்கத் தலைவருக்கு இதைப் பணிவாகவே சொல்லலாம்.

கவுன்சிலரிடம் மறுத்துப் பேசும்போது, சமுதாயக் கூடமே வேண்டாம் என்று சொல்லாதீர்கள். கூடத்துக்கு வேறு இடம் பார்க்கலாம், இந்த இடம் திறந்தவெளியாகவே இருக்கட்டும் என்று சொல்லுங்கள். மழை பெய்தால் தண்ணீர் இறங்க உங்கள் லேஅவுட்டில் வேறு மண்தரை எங்கே மிச்சம் இருக்கிறது என்று அவரையே சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து, உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்திய இடத்துக்கு வருகிறேன். 'நகர்வாசிகளுக்கு மட்டும்' என்ற அந்த போர்டு.

இதற்குச் சட்டத்தில் இடம் இல்லை. உள்ளாட்சி அமைப்புக்குக் கொடுத்த பூங்கா பொதுப் பூங்கா. உங்கள் லேஅவுட்டில் மனை வாங்கியவர்களுக்கு அதில் எவ்வளவு உரிமையோ, பின்தெருவில் ஒற்றை அறையில் குடியிருக்கும் குடும்பத்துக்கும் அதே உரிமைதான். பராமரிப்பைச் சங்கம் ஏற்றுக்கொள்ள மாநகராட்சியோடு ஒப்பந்தம் போடலாம், திறக்கும் மூடும் நேரத்தைக் குறிக்கலாம். யார் வரலாம் யார் வரக்கூடாது என்று தீர்மானிக்க முடியாது. லாரிக்காரர் தகரம் அடித்து மறித்த இடத்தைச் சங்கம் செங்கல் வைத்து மறித்தால், மண்டல அலுவலகத்தின் கண்ணில் இரண்டும் ஆக்கிரமிப்புதான். எதிர்த்தரப்பு வக்கீல் அந்த போர்டை ஒரு போட்டோ எடுத்து நீதிமன்றத்தில் வைத்தால் போதும், உங்கள் வழக்கின் நியாயம் அங்கேயே சரிந்துவிடும்.

சட்டத்தை விடுங்கள். அந்த இடத்தை இத்தனை வருடம் உயிரோடு வைத்திருந்தது யார் என்று யோசியுங்கள். முள்ளை விலக்கி, கல்லைப் பொறுக்கி, ஸ்டம்ப் நட்டு விளையாடிய அந்தப் பிள்ளைகள்தான். உங்கள் லேஅவுட் பிள்ளைகள் மாடியிலும் கார் நிறுத்துமிடத்திலும் விளையாடியபோது அவர்கள்தான் அதை விளையாட்டு இடமாகவே வைத்திருந்தார்கள். லாரி வந்ததும் முதலில் விரட்டப்பட்டவர்களும் அவர்கள்தான். அவர்களுடைய அம்மா அப்பாக்களிடம் போய்ப் பேசினீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. அதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். கொட்டகை எந்த மாதம் வந்தது, முதலில் எது இறங்கியது, ராத்திரி எத்தனை வண்டி நிற்கிறது, இதெல்லாம் துல்லியமாக அவர்களுக்குத்தான் தெரியும். அந்த இடத்தை ஒட்டியே குடியிருக்கிறவர்கள் அவர்கள்.

எண்ணிக்கைக் கணக்கும் இருக்கிறது. நாற்பது ஐம்பது மனை கொண்ட லேஅவுட்டில் வார்டின் வாக்காளர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? அதிலும் பாதி வீடுகளில் சொந்தக்காரர்கள் வேறு ஊரில் இருப்பார்கள். உங்களைப் போல வாடகைக்கு இருப்பவர்களையும் பின்தெருவையும் சேர்த்துப் பாருங்கள். அந்த மனுவில் இருக்கும் கையெழுத்துகளைக் கவுன்சிலர் வேறு மாதிரிதான் பார்ப்பார். மனுவின் முதல் பக்கத்தில் சங்கத் தலைவர் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே பின்தெருவைச் சேர்ந்த ஒரு அம்மாவின் கையெழுத்தும் இருக்கட்டும்.

கவுன்சிலரை எதிரியாக்கிவிட வேண்டாம் என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2016 அக்டோபரில் பழைய மாமன்றத்தின் காலம் முடிந்தது. 2022 பிப்ரவரியில்தான் அடுத்த தேர்தல் நடந்தது. நடுவில் ஐந்து வருடத்துக்கு மேல் கவுன்சிலரே இல்லாமல் அதிகாரிகள் கையில் ஊர் இருந்தது. அப்போது ஒரு தெருவிளக்குக்குக்கூட யாரிடம் போய்க் கேட்பது என்று மக்கள் தவித்ததை நான் பார்த்திருக்கிறேன். இருக்கிற கவுன்சிலர் எப்படிப்பட்டவராக இருந்தாலும், கேள்வி கேட்க ஒரு முகம் இருப்பது பெரிய விஷயம். அதனால் அவரிடம் தயவு கேட்காதீர்கள், வேலை கொடுங்கள். வரைபடமும் பத்திர நகலும் கைக்கு வந்ததும் ஐந்தாறு பேராகப் போய், 'இந்த இடம் மாநகராட்சியுடையதுன்னு ரெக்கார்டு இருக்கு, மாமன்றக் கூட்டத்துல நீங்க இதைக் கேள்வியா எழுப்பணும், வேலி போட வார்டு மேம்பாட்டு நிதியிலிருந்து பணம் ஒதுக்கணும்' என்று இரண்டே இரண்டு கோரிக்கை வையுங்கள். பேசி முடித்ததும் அதையே கடிதமாகக் கொடுத்து ஒப்புதல் கையெழுத்து வாங்குங்கள். நல்ல பெயரை அவரே வாங்கிக்கொள்ளட்டும். வேலி திறந்து வைக்கும் கல்வெட்டில் அவர் பெயர் இருந்தால் உங்களுக்கு என்ன நஷ்டம்?

அவர் தயங்கினால், அதே மனுவை மண்டல அலுவலருக்கும் ஆணையருக்கும் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள், சேர்ந்ததற்கான ஒப்புகையோடு. மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் பதிவு செய்தால் கிடைக்கும் புகார் எண்ணை மனுவில் குறிப்பிடுங்கள். போன் புகார் மட்டும் போதாது. 'ஆய்வு செய்யப்பட்டது' என்று குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு மூடிவிடுவார்கள்.

நீதிமன்றம் கடைசி. மனு கொடுத்து நியாயமான அவகாசம் தந்தும் அசைவில்லை என்றால், அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம். ஆனால் வெறும் மனு நகலோடு போனால் பெரும்பாலும், 'மனுவைப் பரிசீலித்து இத்தனை வாரத்துக்குள் முடிவெடுக்கவும்' என்ற உத்தரவுதான் வரும். பரிசீலித்து நிராகரித்தால் மறுபடியும் முதலிலிருந்து. வரைபடம், தானப் பத்திரம், வில்லங்கம், சர்வேயர் அறிக்கை எல்லாம் சேர்த்துப் போனால்தான் அகற்றச் சொல்லி உத்தரவு கேட்க முடியும். 'நிதி இல்லை' என்று மாநகராட்சி சொன்னால் அது செல்லாது. ரத்லாம் நகராட்சி வழக்கில் 1980-லேயே உச்ச நீதிமன்றம், பணம் இல்லை என்பதைச் சாக்காகச் சொல்லி உள்ளாட்சி அமைப்பு அடிப்படைக் கடமையிலிருந்து நழுவ முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஒன்றிரண்டு எச்சரிக்கை. கொட்டகையை நீங்களே பிரிக்கப் போகாதீர்கள், உங்கள் வீட்டு இளைஞர்களையும் போகவிடாதீர்கள். அடுத்த நாளே போலீஸ் ஸ்டேஷனில் உங்கள் மேல் புகார் இருக்கும், அப்புறம் பார்க் விஷயம் பின்னால் போய்விடும். தெருவில் நின்று, தேதி தெரியும்படி மாதம் ஒரு போட்டோ எடுத்து வைத்தால் போதும். வாட்ஸ்அப் குழுவில் யாரையும் திருடன், ஆக்கிரமிப்பாளன் என்று பெயர் போட்டு எழுத வேண்டாம். ஆவணத்தின் படத்தைப் போடுங்கள், அது பேசும். தனியாக எந்த அலுவலகத்துக்கும் போகாதீர்கள். நீங்கள் வாடகைக்கு இருப்பதால், வீட்டுக்காரர் வழியாக நெருக்கடி கொடுக்கப் பார்ப்பார்கள். அதனால் பத்திரத்தைப் பார்க்கக் கேட்கும்போதே விஷயத்தை அவரிடம் முழுதாகச் சொல்லிவிடுங்கள். மனுவில் அவருடைய கையெழுத்தையும் வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. உங்கள் பெயர் மட்டும் தனியாக நிற்கும் எந்தக் காகிதமும் வெளியே போக வேண்டாம், தகவல் உரிமை மனுக்களைக்கூட இரண்டு மூன்று பேர் ஆளுக்கு ஒன்றாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

காகித வேலையில் வில்லங்கத்தைச் சீக்கிரம் போட்டுப் பாருங்கள், ஒரு மணி நேர வேலைதான். தானப் பத்திரம் எந்த வருடத்தில், யார் பெயருக்கு எழுதியிருக்கிறது, அதற்குப் பிறகு கிரயம் ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். கிரயம் தானத்துக்கு முந்தைய தேதியில் இருந்தால் அணுகுமுறை வேறு. அதை உங்கள் அடுத்த கடிதம் வந்ததும் சொல்கிறேன்.